பழைய டிஸ்க்கின் சிம்லிங்க் என் ரூட்டுக்கே திரும்புகிறது, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். பழைய டெபியன் டிஸ்க்கை மவுண்ட் செய்து, அதில் எந்த ஜாவா இருந்தது என்று பைதானில் பார்க்கிறேன். அதில் இருப்பது ஜாவா 8. ஆனால் ரியல்பாத் (சிம்லிங்க்குகளைப் பின்தொடர்ந்து உண்மையான பாதையைத் தரும் பைதான் ஃபங்ஷன்) 17 என்கிறது, அது என் மெஷினில் உள்ளது! நடுவில் வரும் ஆல்டர்னேட்டிவ்ஸ் சிம்லிங்க் (எந்த ஜாவா பதிப்பு என்று வேறொரு பாதையைக் காட்டும் குறுக்குவழிக் கோப்பு) சாய்கோட்டில் தொடங்குவதால், தேடல் என் மெஷினின் ரூட்டிலிருந்தே (உச்சி ஃபோல்டர்) தொடங்குகிறது.

சிஹெச்ரூட் (வேறொரு ஃபோல்டரையே ரூட்டாக மாற்றும் வசதி) போடலாம், ஆனால் எனக்கு அட்மின் (ரூட் யூசர்) அனுமதி இல்லை. லினக்ஸ் 5.6-இல் வந்த ஓபன்அட்2 என்ற கர்னல் அழைப்பு, ரிசால்வ்-இன்-ரூட் கொடியோடு (கொடுத்த ஃபோல்டரையே ரூட்டாகக் கொள்ளும் ஆப்ஷன்) இதைச் சரியாகவே செய்யும். ஆனால் என் கர்னல் 5.4, அதில் இது இல்லை.

சரி, பாதையை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பின்தொடரும் கோடை நானே எழுதினேன். மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி (..) வந்தால் மவுண்ட் செய்த இடத்துக்கும் மேலே ஏறிவிடுகிறது. அங்கே எப்படி நிறுத்துவது? சோதித்த கோட் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.