துத்தநாகம் பிரித்தெடுத்தல்: பாடநூலில் கல்கரி, ஆலையில் மின்சாரம். ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி: மேல்நிலை வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். உலோகவியல் பாடத்தில் துத்தநாகத்தைப் பற்றி நாங்கள் சொல்வது மூன்று வரிகள்தான். ஜிங்க் பிளெண்ட் தாதுவை நுரை மிதப்பு முறையில் அடர்ப்பிக்க வேண்டும். காற்றில் வறுத்து ஆக்சைடாக்க வேண்டும். அந்த ஆக்சைடைக் கல்கரியால் ஒடுக்கினால் உலோகம் கிடைக்கும். சென்ற வாரம் ஒரு மாணவி, இன்று பெரும்பகுதித் துத்தநாகம் மின்னாற்பகுப்பில்தான் எடுக்கப்படுகிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, இரண்டு கேள்விகள் கேட்டாள்.

முதலாவது, இரும்பைப் போலக் கரியாலேயே ஒடுக்கிவிடக்கூடிய உலோகத்துக்கு மின்சாரத்தை ஏன் செலவழிக்கிறார்கள் என்பது. இரண்டாவது கேள்விதான் என்னைத் திணற வைத்தது. துத்தநாகத்தின் ஒடுக்க மின்னழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், ஹைட்ரஜனுக்கு அது 0. அப்படியிருக்க, அமிலம் கலந்த துத்தநாக சல்பேட் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜன் அல்லவா முதலில் வெளிவர வேண்டும்? ஆலைகளில் பணியாற்றிய அன்பர்கள் விளக்கினால், அவளுக்கு முழு விடையாகச் சொல்ல விரும்புகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுத்திகரிப்பு ஆலைப் பொறியாளர்

வணக்கம் அம்மா. தங்கள் மாணவி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். வெப்ப இயக்கவியல் கணக்குப்படி ஹைட்ரஜன்தான் வெளிவர வேண்டும். ஆனால் துத்தநாகப் பரப்பின்மீது ஹைட்ரஜன் அயனிகள் இணைந்து வாயுவாவது மிகவும் மெதுவாக நடக்கும் வினை. ஆலையில் பயன்படும் மின்னோட்ட அடர்த்தியில் அதை நடத்த, 1 வோல்ட்டை ஒட்டிய கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. இதையே ஹைட்ரஜனின் மிகை மின்னழுத்தம் என்கிறோம். இந்தத் தடையின் மறைவில்தான் துத்தநாகம் முந்திக்கொண்டு எதிர்மின்வாயில் படிகிறது.

இந்தத் தடை தூய துத்தநாகப் பரப்பில்தான் நிலைக்கும் என்பதே இத்தொழிலின் முழுச் சிக்கலும். கோபால்ட், நிக்கல், ஆன்டிமனி, ஜெர்மானியம் போன்றவற்றில் ஒன்று துளியளவு படிந்தாலும், அந்த இடத்தில் ஹைட்ரஜன் எளிதாக வெளியேறத் தொடங்கும். அதைச் சுற்றியிருக்கும் துத்தநாகம் மீண்டும் அமிலத்தில் கரையும். ஆகவே, தாதுவிலிருந்து மின்கலம் வரையிலான நீண்ட பாதையில் பெரும்பாலான வேலை துத்தநாகத்தைப் பெறுவதற்கானது அன்று, மற்றவற்றைக் கழித்துக்கட்டுவதற்கானது.

ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்திலுள்ள ராம்புரா அகுச்சா சுரங்கத் தாதுவை எடுத்துக்கொள்வோம். அதில் துத்தநாக சல்பைடுடன் காரீய சல்பைடான கலீனா, இரும்புப் பைரைட், கிராஃபைட் ஆகியவையும் உள்ளன. கிராஃபைட் இயல்பாகவே நீரில் ஒட்டாது; விட்டால் அதுவே முதலில் நுரையோடு ஏறிவந்து காரீய அடர்தாதுவைக் கெடுத்துவிடும். தாதுவை மாவாக அரைத்தபின் காரீயத்தை முதலில் மிதக்க விட வேண்டும். அதுவரை துத்தநாக சல்பேட், சிறிதளவு சோடியம் சயனைடு ஆகியவற்றைச் சேர்த்துத் துத்தநாகத் துகள்களை அடக்கி வைப்பார்கள். காரீயம் போனபின் காப்பர் சல்பேட் சேர்ப்பார்கள். தாமிர அயனிகள் துத்தநாக சல்பைடின் மேற்பரப்பில் இடம்பிடித்துக்கொள்ளும். அதன் பிறகே சாந்தேட் என்னும் சேர்ப்பான் அதில் ஒட்டும், துகள் நுரையோடு ஏறும். நுரை மிதப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன.

இப்படிக் கிடைக்கும் அடர்தாதுவில் ஏறத்தாழ 50 சதவீதம் துத்தநாகம். அதை 900 முதல் 950 டிகிரி செல்சியஸில், கீழிருந்து காற்றைச் செலுத்தித் துகள்களைக் கொதிக்கும் திரவம்போல் மிதக்கவைக்கும் உலையில் வறுப்பார்கள். ஒருமுறை பற்றிக்கொண்டால் வினையின் வெப்பமே போதும். வேறு எரிபொருள் வேண்டியதில்லை. வெளிவரும் கந்தக டைஆக்சைடைத் தூய்மையாக்கிக் கந்தக அமிலமாக்குவார்கள். வினைச் சமன்பாட்டைப் பார்த்தாலே தெரியும், 1 டன் துத்தநாகத்துக்குக் குறைந்தது 1.5 டன் அமிலம் வரும். துத்தநாக ஆலை ஒன்றைக் கட்டுபவர் ஓர் அமில ஆலையையும் சேர்த்தே கட்டுகிறார்.

வறுத்த தாதுவை நாங்கள் கால்சைன் என்போம். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, கரைசலின் அமிலத்தன்மையை நடுநிலைக்கு அருகே கொண்டுவரும்போது, கரைந்த இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து ஆர்சனிக், ஆன்டிமனி, ஜெர்மானியம் ஆகியவற்றின் பெரும்பகுதியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தெளிந்த கரைசலில் துத்தநாகத் தூளைத் தூவினால், துத்தநாகம் கரைந்து, தாமிரமும் காட்மியமும் உலோகமாக வீழும். பள்ளியில் காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டைப் போட்டுக் காட்டும் அதே இடப்பெயர்ச்சி வினைதான் இது. கோபால்ட் மட்டும் அவ்வளவு எளிதில் இறங்காது. கரைசலைச் சூடாக்கி, ஆன்டிமனி அல்லது ஆர்சனிக் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால்தான் வழிக்கு வரும். எந்த ஆன்டிமனியை முன்கட்டத்தில் விரட்டினோமோ, அதையே கோபால்ட்டை விரட்டத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது!

பின்னர் மின்கலம். நேர்மின்வாய் சிறிது வெள்ளி கலந்த காரீயம். எதிர்மின்வாய் அலுமினியத் தகடு. ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை படிய விட்டு, தகட்டைத் தூக்கி, துத்தநாகத்தை உரித்தெடுப்பார்கள். நன்றாகப் படிந்த ஏடு விளிம்பில் சற்று நெம்பியதும் ஒரே சத்தத்தோடு முழுதாகக் கழன்று வரும். கரைசலில் ஃபுளோரைடு கூடிவிட்டால் அலுமினியத்தின் ஆக்சைடுப் படலம் அரிக்கப்பட்டு, ஏடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆலையில் ஒரு நாள் இரவு வடிகட்டித் துணி ஒன்று கிழிந்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை. வீழ்படிந்த கோபால்ட் கரைசலோடு சேர்ந்து வந்துவிட்டது. மறுநாள் உரித்த ஏடுகளில் அலுமினியத்தை ஒட்டியிருந்த பக்கம் கறுத்து, சிறுசிறு வட்டத் துளைகள். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைபோல் தெரிந்தது. இரவு முழுவதும் செலுத்திய மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகப் போயிருந்தது. மின்தடை ஏற்பட்டாலும் இதே கதிதான். மின்னோட்டம் நின்ற கணத்திலிருந்து படிந்த துத்தநாகம் அமிலத்தில் கரையத் தொடங்கிவிடும். அதனால் எங்கள் கண்கள் எப்போதும் மின்னோட்டமானியின் மீதே இருக்கும்.

மின்செலவையும் தங்கள் மாணவியே கணக்கிடலாம். ஃபாரடே விதிப்படி 1 டன் துத்தநாகம் படிய ஏறத்தாழ 8,20,000 ஆம்பியர் மணி வேண்டும். மின்கல மின்னழுத்தம் 3.3 வோல்ட், மின்னோட்டத் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், 3,000 கிலோவாட் மணியை ஒட்டி விடை வரும். ஆலைகளின் உண்மையான செலவும் அதற்குச் சற்று மேலேதான். கிடைப்பது 99.995 சதவீதத் தூய உலோகம். பயன்படுத்திய கரைசலில் அமிலம் மீண்டும் உருவாகியிருப்பதால், அது கால்சைனைக் கரைக்கத் திரும்பிப் போகிறது.

பதில் 2: தொழில்நுட்ப வரலாற்று ஆர்வலர்

பொறியாளர் ஐயா இரண்டாம் கேள்விக்கு விரிவாகவே விடையளித்துவிட்டதால், முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரும்பும் துத்தநாகமும் கரியால் ஒடுங்கும் என்பது உண்மை. ஆனால் இரும்பு உலையின் அடியில் உருகித் தங்குகிறது. துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆக்சைடைக் கரி ஒடுக்குவதற்கு அதைவிடக் கூடுதலான வெப்பம் வேண்டும். ஆகவே உலோகம் பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கிறது. அந்த ஆவி காற்றையோ கார்பன் டைஆக்சைடையோ சந்தித்தபடி குளிர்ந்தால் மீண்டும் வெண்ணிற ஆக்சைடாகிவிடும். உலகின் பல பகுதிகளில் பித்தளை செய்யத் தெரிந்திருந்தும் துத்தநாகத்தைத் தனி உலோகமாகக் காணாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

இந்தச் சிக்கலைத் தொழில் அளவில் தீர்த்த இடம் உதய்ப்பூருக்குத் தெற்கிலுள்ள ஜாவர். அங்குக் கத்தரிக்காய் வடிவிலான மண் வாலைகளில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலங்களில், வறுத்த தாது, கரி முதலியவற்றை உருண்டைகளாக்கி நிரப்பி, கூம்பு வடிவக் குழாய் ஒன்றை வாயில் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரே உலையில் இப்படி 36 வாலைகள். துளையிட்ட மண்பலகைக்கு மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. மேலெழ வழியில்லாத ஆவி குழாய் வழியாகக் கீழிறங்கித் திரவமாகிச் சொட்டியது.

கவிழ்க்கும்போது உருண்டைகள் கொட்டிவிடாமலிருக்க என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடுவே ஒரு குச்சியைச் செருகினார்கள். சூடேறியதும் குச்சி எரிந்து, அது இருந்த இடமே ஆவி இறங்கும் பாதையாயிற்று. பயன்படுத்தித் தூக்கியெறிந்த வாலைகள் இன்றும் ஜாவரில் மேடுமேடாகக் கிடக்கின்றன. அவற்றை அடுக்கிக் கட்டிய சுவர்களையும் அங்குக் காணலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் 1738-ல் காப்புரிமை பெற்ற முறையும் ஆவியைக் கீழ்நோக்கி வடிப்பதுதான்.

கரி முறை முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை என்பதையும் மாணவியிடம் சொல்லுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான ஊதுலை முறையில், உலையிலிருந்து வரும் துத்தநாக ஆவியின்மீது உருகிய காரீயத்தை மழையாகத் தெளித்து, ஆக்சைடாக நேரமே கொடுக்காமல் சட்டென்று குளிரவைக்கிறார்கள். சித்தோர்கர் அருகே சந்தேரியாவில் 1991-ல் அத்தகைய உலை ஒன்று தொடங்கப்பட்டது. காரீயமும் துத்தநாகமும் பிரிக்க முடியாதபடி கலந்த தாதுவுக்கு இது ஏற்றது. ஆனால் கிடைக்கும் உலோகத்தில் 1 சதவீதத்துக்கு மேல் காரீயம் முதலான மாசு இருக்கும்; மேலும் தூய்மை வேண்டுமெனில் மறுபடி காய்ச்சி வடிக்க வேண்டும். மின்னாற்பகுப்பு ஒரே அடியில் 99.995 தருகிறது. தங்கள் மாணவியின் முதல் கேள்விக்கு என் விடை அதுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குச்சி எரிந்து வழிவிடும் செய்தியை நாளையே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஒரே ஒரு துணைக் கேள்வி: இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடும் என்று பொறியாளர் ஐயா எழுதியிருக்கிறார். வறுக்கும்போது இரும்பும் துத்தநாகமும் ஒன்றுசேர்ந்து ஃபெரைட் ஆகும் என்று படித்தேன். அது அமிலத்தில் கரையுமா?

பதில் 3: ஓய்வுபெற்ற சுத்திகரிப்பு ஆலைப் பொறியாளர்

நீர்த்த அமிலத்தில் கரையாது, அம்மா. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன், தாங்கள் பிடித்துவிட்டீர்கள். பிளெண்ட் தாதுவின் படிகத்துக்குள்ளேயே இரும்பு இருப்பதால் எவ்வளவு கவனமாக வறுத்தாலும் ஃபெரைட் உருவாவதைத் தவிர்க்க இயலாது. முற்காலத்தில் அதை வண்டலோடு ஒதுக்கிவிடுவார்கள். அதோடு துத்தநாகத்தில் ஒரு நல்ல பங்கும் போய்விடும். 90 டிகிரிக்கு மேல் சூடான அடர்ந்த அமிலக் கரைசலில் ஃபெரைட் கரையும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கூடவே கரைந்துவரும் அத்தனை இரும்பையும் ஹைட்ராக்சைடாக வீழ்த்தினால் கூழ்போலாகி, வடிகட்டித் துணியை அடைத்துக்கொள்ளும்.

1960-களில் நார்வே, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியாக ஒரே தீர்வைக் கண்டார்கள். அமோனியம் அல்லது சோடியம் அயனிகளைச் சேர்த்து, 95 டிகிரியில் இரும்பை ஜாரோசைட் என்னும் மஞ்சள் நிறப் படிகமாக வீழ்த்துவது. அது மணல்போல் எளிதில் வடிந்துவிடும்.

ஆனால் அந்த மஞ்சள் மண்ணில் காரீயமும் காட்மியமும் ஒட்டியிருப்பதால் அதை வெறுமனே வெளியில் கொட்ட முடியாது. நிலத்தடி நீரில் இறங்காதபடி அடித்தளமிட்ட குட்டைகளில்தான் சேர்த்து வைக்க வேண்டும். ராஜஸ்தானில் அதனுடன் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து இறுகவைத்துச் சாலை மேடுகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இருப்பினும், ஆண்டுக்கணக்கில் குவியும் அளவைப் பார்த்தவன் என்ற முறையில், இத்தொழிலின் மிகப்பெரிய தீராத கணக்கு மின்சாரம் அன்று, இந்த இரும்புதான் என்பேன்.

பதில் 4: கால்வனைசிங் தொட்டி மேற்பார்வையாளர்

ஐயா கோபால்ட்டையும் காரீயத்தையும் அத்தனை பாடுபட்டு விலக்கி அனுப்பிய பாளங்களை, இரும்பின்மீது துத்தநாகம் பூசுவதற்காக, நாங்கள் 450 டிகிரித் தொட்டியில் உருக்கி, முதல் வேலையாகச் சிறிது காரீயத்தைச் சேர்க்கிறோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். காரீயம் இருந்தால்தான் இரும்புச் சட்டத்தைத் தூக்கும்போது துத்தநாகம் சீராக வழிந்து இறங்கும். தொட்டியின் அடியில் சேரும் கசடும் காரீயப் படுகையின்மீது தங்கி, வாரியெடுக்க எளிதாக இருக்கும்.