பறக்காமல் நிற்கும் செஸ்னா 172: வாரம் ஒருமுறை தரையில் இயக்கி வைத்தால் போதுமா?

கடற்பாலப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து, 1978இல் தயாரான செஸ்னா 172என் விமானம் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். நால்வருக்கும் வேலை சிங்கப்பூரில். விமானம் நிற்பது ஜோகூரில். அமெரிக்கப் பதிவு என்பதாலும் எங்களில் யாரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அல்லர் என்பதாலும் பதிவு ஓர் அறங்காவல் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. எஞ்சின் லைகமிங் ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைத்திறன்.

சனிக்கிழமை விடியற்காலை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, விமானக் கொட்டகையான ஹேங்கரின் கதவைத் திறக்கும் நேரத்தில் மேற்கே சுமத்ரா காற்று கறுத்து எழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் பல. டிசம்பர், ஜனவரி மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடந்த ஓராண்டில் நால்வரும் சேர்ந்து பறந்தது மொத்தம் 31 மணி நேரம்தான். அதிலும் ஒருமுறை ஏழு வாரங்கள் விமானம் அசையாமல் நின்றது.

சென்ற மாதம் ஆண்டுச் சோதனையின்போது மெக்கானிக் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருந்த மடிப்புத் தாளை விரித்துக் காட்டினார். தலைமுடித் துண்டுகளைப் போன்ற மெல்லிய இழைகள் பதினான்கு இருந்தன. காந்தத்தைக் காட்டியதும் அத்தனையும் எழுந்து ஒட்டிக்கொண்டன. அழுத்தச் சோதனையில் 80 அளவு அழுத்தம் கொடுத்தபோது நான்கு சிலிண்டர்களிலும் 74க்குக் குறையாமல் நின்றது. எனவே 25 மணி நேரம் பறந்துவிட்டு மறுபடியும் அறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

இப்போது எங்களுக்குள் வாக்குவாதம். பங்குதாரர்களில் ஒருவர் இந்த ஆண்டு பணி ஓய்வு பெற்றுவிட்டார். வாரந்தோறும் தாம் போய் 15 நிமிடம், நிமிடத்துக்கு 1,200 சுற்றில், எஞ்சினை இயக்கி வைப்பதாகவும், பக்கத்து ஹேங்கர்க்காரர் இடையிடையே புரொப்பெல்லரைக் கையால் ஏழெட்டு முறை சுற்றிவிட்டால் ஆயில் எங்கும் பரவித் துரு பிடிக்காது என்றும் சொல்கிறார். வீட்டில் நிற்கும் காரை அப்படித்தானே செய்கிறோம் என்பது அவருடைய வாதம். இன்னொருவர், பறக்கப் போகாவிட்டால் தொடவே கூடாது என்கிறார். ஆயிலைப் பொறுத்தவரை 50 மணி நேரம் என்ற வரம்பை நாங்கள் தாண்டுவதே இல்லை. ஆண்டுச் சோதனையின்போது மாற்றிவிடுகிறோம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

---

பழைய ஹேங்கர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். சிலேத்தாரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தொடவே கூடாது என்று சொன்ன நண்பர் பாதி சரி. தரையில் இயக்கி வைக்கலாம் என்று சொன்ன நண்பர், நல்ல மனத்தோடுதான் என்றாலும், எஞ்சினுக்குக் கெடுதல் செய்யப் போகிறார்.

முதலில் துரு எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட கேம்ஷாஃப்ட் தண்டு, புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் நின்ற சில நாட்களில் அதன் மேலிருந்த ஆயில் கீழே வடிந்துவிடும். மிஞ்சுவது மெல்லிய படலம் மட்டுமே. நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். இரவில் குளிர்ந்த உலோகத்தின் மேல், எக்ஸாஸ்ட் வழியாகவும், எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகவும் உள்ளே புகுந்த அந்தக் காற்று ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். கேம் மேட்டிலும், அந்த மேடு தள்ளும் டேப்பெட் என்ற சிறு துண்டின் முகத்திலும் ஊசிமுனை அளவு துரு விழுந்தால் போதும். அடுத்த முறை எஞ்சின் ஓடும்போது அந்தத் துரு அரைபட்டு உதிர்ந்து, விழுந்த இடம் குழியாகிவிடும். பிறகு டேப்பெட்டின் கெட்டியான மேல்தோலே உரியத் தொடங்கும். நீங்கள் காந்தத்தில் பார்த்த இழைகள் இதன் தொடக்கமாக இருக்கக்கூடும். அழுத்தச் சோதனை நன்றாக இருந்ததை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். அது வால்வும் பிஸ்டன் வளையமும் எவ்வளவு கசிகின்றன என்று சொல்லுமே தவிர, கேம்ஷாஃப்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இனி தரையில் இயக்குவதற்கு வருவோம். பெட்ரோல் எரியும்போது, எரிந்த அளவுக்கு ஏறத்தாழச் சமமான நீர் உண்டாகிறது. பெரும்பகுதி எக்ஸாஸ்டில் போய்விடும் என்றாலும், வளையங்களைத் தாண்டி ஒரு பகுதி எஞ்சினின் கூடான கிராங்க்கேசுக்குள் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் ஆவியாகிப் பிரீதர் வழியே வெளியேறும். லைகமிங் தன் சேவை மடலில் கேட்பது 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் ஆயில் வெப்பத்தில், 30 நாட்களுக்கு மிகாமல் ஒருமுறை, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறப்பது. தரையில் சிறிது நேரம் இயக்குவது அதற்கு மாற்றாகாது என்றும், துருவைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்யும் என்றும் அதே நிறுவனம் எழுதியிருக்கிறது. உங்கள் விமானத்தில் ஆயில் வெப்ப மானியின் பச்சைப் பகுதி 100 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. முள் பச்சைக்குள் வந்துவிட்டதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

நம்பிக்கை வராவிட்டால் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 15 நிமிடம் தரையில் இயக்கி, அணைத்து, அரை மணி நேரம் கழித்து ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தை விரலால் தடவினால், முத்து முத்தாக நீர்த்துளிகளும், சில வேளைகளில் டீக்கடைப் பாலாடை போன்ற வெளிறிய பசையும் விரலில் ஒட்டும். அந்த ஈரத்தை உள்ளேயே வைத்து மூடிவிட்டுத்தான் உங்கள் நண்பர் வீட்டுக்குப் போகப் போகிறார். காரோடு ஒப்பிடுவதும் பொருந்தாது: கார் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, இதற்குக் காற்றுதான் குளிர்ச்சி; தரையில் நிற்கையில் சிலிண்டர்களுக்குப் போதிய காற்று கிடைக்காது, ஆயிலோ சூடேறாது.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவதைக் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சுற்றினால் ஆயில் பம்ப் ஒன்றையும் மேலே ஏற்றிவிடாது. மிஞ்சியிருந்த படலத்தைத்தான் வழித்தெடுக்கும். அதைவிட முக்கியமானது உயிர். எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியைத் தரும் மேக்னெட்டோ, பேட்டரியை நம்பி இயங்குவதில்லை. சாவியை அணைப்பது என்பது ஒரு கம்பி வழியாக அதைத் தரையிணைப்புச் செய்வது மட்டுமே. 1978ஆம் ஆண்டு விமானத்தில் அந்த ஒரு கம்பி அறுந்திருந்தால், சாவி உங்கள் சட்டைப் பையில் இருந்தாலும் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பறந்து முடித்து எஞ்சினை நிறுத்தும் முன், மெதுவான சுற்றில் சாவியை ஒரு கணம் அணைத்து, எஞ்சின் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் திருப்பும் பழக்கம் உங்கள் நால்வருக்கும் இருக்கிறதா?

கடைசியாக ஆயில். 50 மணி நேரம் என்பது பாதி விதிதான். ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முந்துகிறதோ அது. ஓராண்டில் மூன்று முறை மாற்றியிருக்க வேண்டிய ஆயிலை நீங்கள் ஒருமுறைதான் மாற்றியிருக்கிறீர்கள்; எரிபொருளின் ஈயக்கழிவும் அமிலமும் நீரும் கலந்த அந்தக் கறுப்பு ஆயிலில்தான் உங்கள் எஞ்சின் ஏழு வாரங்கள் ஊறிக் கிடந்தது. எச்2ஏடி எஞ்சினுக்கு இன்னொன்றும் உண்டு: அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ 1980இல் வெளியிட்ட வான்தகுதி ஆணைப்படி எல்டபிள்யூ-16702 என்ற சேர்க்கை ஆயிலில் இருந்தாக வேண்டும். ஏரோஷெல் டபிள்யூ100 பிளஸ் போன்ற சிலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. வெறும் டபிள்யூ100இல் இல்லை. நீங்கள் ஊற்றுவது எது என்று பதிவேட்டைப் பாருங்கள்.

---

நீலத்துளி எழுதியது:

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை பறந்தே ஆகவேண்டும் என்பது கடற்பாலத்தைத் தாண்ட வேண்டியவர்களுக்கு எப்போதும் நடக்கிற காரியம் அன்று. நானும் என் கணவரும் அதே அக்கரையில் ஒரு பழைய பைப்பர் வைத்திருக்கிறோம். பறக்க முடியாத வாரங்களுக்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

தேக்கா பக்கத்தில் மீன் தொட்டிக்கு விற்கும் சிறிய காற்று பம்ப் ஒன்றையும், மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இரண்டு கிலோவையும் வாங்கினோம். பம்ப் தள்ளும் காற்று ஜெல் வழியாகப் புகுந்து, உலர்ந்து, ஒரு குழாய் வழியே எஞ்சினுக்குள் போய், மற்றொரு குழாய் வழியே திரும்பவும் பம்ப்புக்கே வருகிறது. எக்ஸாஸ்ட், காற்று உள்ளிழுக்கும் வாய், பிரீதர் ஆகியவற்றைப் பஞ்சு அடைப்பால் மூடி, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா தொங்கவிட்டிருக்கிறோம். நாடா இல்லாவிட்டால் அடைப்பைக் கழற்ற மறந்துவிடுவோம், அது தற்கொலைக்குச் சமம். ஜெல் நீலமாக இருக்கும்வரை கவலையில்லை. வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்து, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் பரப்பி, ஓவனில் மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடியும் நீலமாகிவிடுகிறது. மாமியார் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு என்ன பலகாரம் என்று கேட்டார்.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போதே, பறந்து இறங்கிய அன்றே மாட்டினால்தான் இதற்குப் பயன். ஈரம் படிந்தபின் மாட்டுவது பிந்திய வேலை.

நிற்கும் விமானத்தில் எஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது. விமானப் பெட்ரோலான அவ்கேஸை நீங்கள் பீப்பாயிலா வாங்குகிறீர்கள்? நாங்கள் அப்படித்தான். ஒருநாள் பெருமழைக்கு விமானம் வெளியே நின்றது. மறுநாள் இறக்கைக்கு அடியிலிருந்து எடுத்த மாதிரிக் குப்பியை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே குமிழியும் இல்லை, கோடும் இல்லை, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. சுத்தமாக இருக்கிறது என்று ஊற்றிவிடப் போனேன். என் கணவர்தான் கையைப் பிடித்து, நீல நிறம் எங்கே என்று கேட்டார். 100எல்எல் என்ற அவ்கேஸ் வகை நீலச் சாயம் ஏற்றியது. குப்பி முழுக்க நிறமே இல்லை என்றால் அது முழுக்கத் தண்ணீர். நான்கு குப்பி வடித்த பிறகே நீலம் வந்தது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததுதான் காரணம். பழைய செஸ்னா வைத்திருக்கும் நீங்களும் அந்த வளையத்தைப் பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஒரு விமானத்தில் ஆறில் ஒரு பங்கு வைத்திருப்பவன், கணக்கு எழுதுபவன். ஹேங்கர் வாடகை, காப்புறுதி, ஆண்டுச் சோதனை, அறங்காவல் கட்டணம் ஆகிய நான்கும் நீங்கள் 31 மணி பறந்தாலும் 130 மணி பறந்தாலும் அவ்வளவேதான். வாராவாரம் பறக்கத் துடிக்கும் இளைஞர் இருவரைப் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டால் எஞ்சினும் காயாது, பையும் காயாது. காப்புறுதிப் பத்திரத்தில் அவர்கள் பெயர் ஏறும் முன் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

---

கடற்பாலப் பயணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பதிவேட்டைப் புரட்டினேன். ஐயா சந்தேகப்பட்டதுபோல் இரண்டு முறை வெறும் டபிள்யூ100 ஊற்றப்பட்டிருக்கிறது. சேர்க்கை கலந்ததாக எங்கும் எழுதவில்லை. விமானத்தின் தகுதிக்கு முதற்பொறுப்பு உரிமையாளருடையது என்பதால் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்கு பேரில் ஒருவர்கூட அந்த வரியைப் படிக்கவில்லை. தரையில் இயக்கும் திட்டத்தை நண்பர் கைவிட்டுவிட்டார், சற்று வருத்தத்தோடு. ஒரே ஒரு கேள்வி: 25 மணி வரை காத்திருக்காமல் டேப்பெட்டை இப்போதே பார்க்க வழி உண்டா? கிராங்க்கேஸைப் பிரித்தால் 30,000 அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும் என்கிறார்கள்.

---

பழைய ஹேங்கர் எழுதியது:

உண்டு. பலரும் பழிக்கும் எச்2ஏடி எஞ்சினில் இது ஒரு நல்ல வசதி. மற்ற லைகமிங் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் டேப்பெட் காளான் வடிவம். கிராங்க்கேஸைப் பிரிக்காமல் வெளியே வராது. உங்களுடையது நேர் உருளை. வால்வு மூடியையும், வால்வை அழுத்தும் ராக்கரையும், அதைத் தள்ளும் புஷ்ராட் கம்பியையும் கழற்றினால் அந்த வழியாகவே இழுத்தெடுத்து, முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிடலாம். எடுத்த ஒவ்வொன்றும் எந்தச் சிலிண்டரின் எந்த வால்வுக்குரியது என்று குறித்து வைத்து, அதே இடத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள். டேப்பெட் வெளியே இருக்கும்போது, அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவைச் செலுத்திக் கேம் மேட்டையும் பார்க்கலாம்.

முகம் வழவழப்பாக இருந்தால் புது ஆயில் ஊற்றி, சேர்க்கையைச் சேர்த்து, அடுத்த ஃபில்டரை 10 மணியிலேயே அறுத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால், மேலும் பறந்து இரும்புத் தூளை எஞ்சின் முழுக்கப் பரப்ப வேண்டாம். உங்களிடம் எஃப்ஏஏ விமானி உரிமம் இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே மாற்றிப் பதிவேட்டில் கையெழுத்திடலாம். அமெரிக்க விதி அதை அனுமதிக்கிறது. டேப்பெட்டை மட்டும் மெக்கானிக் கையில் விடுங்கள். எடுத்ததும் படம் பிடித்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.