பெங்களூர் அல்சூர் குடும்பக் குழுவில் ஒரு ஸ்டிக்கர் கடை

*வெள்ளி, இரவு 8:50*

யாழினி: எல்லோருக்கும் ஒரு செய்தி. இன்ஸ்டாகிராமில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் கடை தொடங்கப் போகிறேன். லேப்டாப், தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் இதிலெல்லாம் ஒட்டுகிற மாதிரி. வரைந்ததை அனுப்புகிறேன், திட்டாமல் பாருங்கள்.

யாழினி: [படங்கள்]

கார்த்திக்: அக்கா!! "சில்க் போர்டைக் கடந்து வந்த மாவீரன்" எனக்கு இரண்டு வேண்டும். அந்த ஜங்ஷன் டிராஃபிக்கைத் தாண்டுகிறவன் மாவீரன்தான். "ஸ்வல்ப கன்னட கொத்து" (கொஞ்சம் கன்னடம் தெரியும்) ஒன்று. என் ஹாஸ்டலில் பாதிப் பேர் வாங்குவார்கள்.

சித்ரா அத்தை: "டிகாக்‌ஷன் இறங்கும்வரை பேசாதே" என்று ஒன்று இருக்கிறதே, அது உன் மாமாவைப் பார்த்து எழுதியதா?

வேலு மாமா: என்னைப் பார்த்துத்தான். ராயல்டி உண்டா இல்லையா என்று முதலில் சொல்லட்டும்.

அம்மா: ராத்திரி ஒரு மணி வரைக்கும் விளக்கு எரிந்தது இதற்குத்தானா. ஆபீஸ் வேலையை விடப் போவதில்லையே?

யாழினி: இல்லைம்மா.

அம்மா: சரி.

முரளி சித்தப்பா: படம் நன்றாக இருக்கிறது. கணக்கு என்ன?

யாழினி: சுல்தான்பேட்டையில் ஒரு கடையில் கேட்டேன் சித்தப்பா. 12-க்கு 18 இன்ச் வினைல் ஷீட், பிரிண்ட், லேமினேஷன், ஹாஃப் கட் எல்லாம் சேர்த்து 90 ரூபாய். இரண்டரை இன்ச் ஸ்டிக்கர் ஒரு ஷீட்டில் 24 வரும். ஒன்றுக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. நான் 30-க்கு விற்கலாம் என்று இருக்கிறேன்.

கார்த்திக்: 26 ரூபாய் லாபம்! அக்கா, வேலையை விட்டுவிடுங்கள்.

அம்மா: கார்த்திக், நீ பேசாமல் இரு.

கார்த்திக்: ஷீட்டுக்கு 90 எதற்கு? எங்கள் வீட்டிலேயே இங்க்ஜெட் பிரிண்டர் சும்மாதானே கிடக்கிறது. ஆன்லைனில் ஸ்டிக்கர் பேப்பர் வாங்கிப் போட்டுவிடலாம்.

வேலு மாமா: தம்பி, அந்த பிரிண்டரில் சாதாரண டை இங்க் இருந்தால் பாட்டிலில் ஒட்டிய அன்றைக்கே தண்ணீர் பட்டுக் கரைந்து வழியும். பிக்மென்ட் இங்க் என்றால் கொஞ்சம் தாங்கும், அதற்கும் மேலே லேமினேஷன் வேண்டும். கடையில் போடுவது டோனர், அதாவது பொடி மை. தண்ணீரில் கரையாது, ஆனால் நகம் பட்டால் உரியும், அதனால் அங்கேயும் லேமினேஷனை விட்டுவிடாதே. விலை குறைக்கிறேன் என்று பேப்பர் கம்மிங் ஷீட்டில், அதாவது பின்னால் பசை உள்ள காகிதத்தில், போட்டுத் தருவார்கள். புத்தகத்தில் ஒட்ட அது போதும், பாட்டிலுக்கு வினைல்தான்.

வேலு மாமா: அப்புறம் ஹாஃப் கட் என்றால் மேலே உள்ள வினைல் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் முழுசாக நிற்க வேண்டும். பிளேடு அழுத்தம் கூடினால் அடித்தாளும் அறுந்து, உரிக்கும்போது எல்லாம் கையோடு வரும். முதல் ஷீட்டை அங்கேயே நின்று உரித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைப் போடச் சொல்ல வேண்டும்.

யாழினி: மாமா, நீங்களே கூட வந்துவிடுங்களேன்.

வேலு மாமா: பிரஸ்ஸை மூடியதிலிருந்து அந்தத் தெருப் பக்கம் போக ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். வருகிறேன்.

கார்த்திக்: அக்கா, ரஜினி போடுங்கள். கண்ணாடியைச் சுழற்றுகிற மாதிரி ஒன்று. அப்புறம் ஐபிஎல் டீம் லோகோ. ஒரே நாளில் காலியாகிவிடும்.

முரளி சித்தப்பா: இரண்டும் வேண்டாம். ரஜினி தன் பெயரையும் சாயலையும் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போய் 2015-இல் தடை வாங்கியவர். டீம் லோகோ பதிவு செய்த வணிகச் சின்னம். "கையால்தானே வரைந்தேன்" என்று சொன்னாலும் எடுபடாது.

கார்த்திக்: அப்படியென்றால் பாரதியார்?

முரளி சித்தப்பா: அவர் தாராளம். எழுதியவர் மறைந்து 60 வருடம் போனால் எழுத்து எல்லோருக்கும் பொது. அவர் மறைந்தது 1921. வரிகளை எடுக்கலாம். ஆனால் வேறு ஓவியர் வரைந்த பாரதி படத்தை நெட்டிலிருந்து எடுத்துப் போடாதே. தலைப்பாகையும் மீசையும் நீயே வரை.

கார்த்திக்: அடுத்தவர் படத்துக்கு நாம் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. புரிந்தது.

வேலு மாமா: 😂

சரோஜா பெரியத்தை (மதுரை): யாழினி கண்ணு, எனக்கு அந்த காபி ஸ்டிக்கர் ஐந்து வேண்டும். காசு அனுப்புகிறேன். ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிடு, தொலையாமல் வரும்.

முரளி சித்தப்பா: அக்கா, ரிஜிஸ்டர் தபால் இப்போது தனியாகக் கிடையாது. 2025 செப்டம்பர் 1-இலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

முரளி சித்தப்பா: யாழினி, நான் கணக்குக் கேட்டது இதற்காகத்தான். 50 கிராம் வரை ஸ்பீட் போஸ்ட் வெளியூருக்கு 47 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 55 ரூபாய் 50 காசு. உன் ஸ்டிக்கர் 30. யாராவது 30 ரூபாய்ப் பொருளுக்கு 55 ரூபாய் தபால் செலவு கொடுப்பார்களா? ஊருக்குள் என்றால் 19, வரியோடு 22 ரூபாய் சொச்சம்.

யாழினி: சாதாரண தபால்? 20 கிராம் வரை 5 ரூபாய்தானே.

முரளி சித்தப்பா: போடலாம். ஆனால் டிராக்கிங் கிடையாது. பத்தில் ஒருவர் "வரவில்லை" என்றால் நீ மறுபடி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உன் பக்கத்துக்குக் கீழே வந்து எழுதுவார்கள். ஸ்டிக்கர் வியாபாரத்தில் செலவு அச்சில் இல்லை, கவரில் இருக்கிறது. ஒன்று ஒன்றாக விற்காதே. எட்டுப் பத்து சேர்ந்த செட்டாகப் போடு, அப்போது 55 ரூபாய் உறுத்தாது.

சரோஜா பெரியத்தை (மதுரை): எனக்கு ஐந்து போதும்டா.

முரளி சித்தப்பா: அக்கா, உங்களுக்கு விற்கவே முடியாது. பெங்களூரிலிருந்து மதுரைக்கு விற்றால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. கர்நாடகாவுக்குள் மட்டும் என்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் சரக்கு விற்கலாம். மாநில எல்லையைத் தாண்டியது என்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, அச்சடித்த ஸ்டிக்கரை அதில் சேர்க்க முடியாது.

யாழினி: பெரிய ஆன்லைன் தளங்களில் போட்டாலுமா?

முரளி சித்தப்பா: அங்கே 2023 அக்டோபர் 1-இலிருந்து சின்ன வியாபாரிக்கு ஒரு சலுகை இருக்கிறது. பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி விற்கலாம். ஆனால் அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். வியாபாரம் பிடித்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் மாதா மாதமோ காலாண்டுக்கோ ரிட்டர்ன் போட வேண்டும், விற்காத மாதத்துக்கும். சோம்பேறிக்கு அது சரிப்படாது.

அம்மா: இவளுக்குச் சரிப்படாது.

யாழினி: அம்மா!

சரோஜா பெரியத்தை (மதுரை): அப்போது எனக்கு ஸ்டிக்கர் கிடையாதா?

முரளி சித்தப்பா: காசு வாங்காமல் அத்தைக்குக் கொடுத்தால் அது விற்பனை இல்லை.

சரோஜா பெரியத்தை (மதுரை): இந்தச் சட்டம் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் பத்தாக அனுப்பு.

யாழினி: 🙏 சரி பெரியத்தை. சித்தப்பா, சிறுதொழிலுக்கு உத்யம் பதிவு என்று ஒரு வெப்சைட்டில் 1,999 கேட்கிறார்கள். கட்டவா?

முரளி சித்தப்பா: கட்டாதே!! உத்யம் பதிவு இலவசம். ஆதார் இருந்தால் அரசு தளத்தில் நீயே போட்டுவிடலாம். இப்போதைக்கு அவசரமும் இல்லை.

*சனி, காலை 7:15*

சித்ரா அத்தை: [படம்]

சித்ரா அத்தை: இது எங்கள் வீட்டு அலமாரி. எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர் டப்பா, உங்கள் மாமா தள்ளுபடியில் வாங்கியது. எதில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். சமைக்க வருகிற ரத்னம்மாவுக்குக் கன்னடம்தான் படிக்க வரும். நான் தமிழில் எழுதி ஒட்டினால் அவருக்குப் புரியாது, கன்னடத்தில் எழுதினால் எனக்கு எழுத்துக் கூட்டுவதற்குள் கடுகு கருகிவிடும். நேற்று சாம்பாருக்குக் கடலைப்பருப்பைப் போட்டு வேகவைத்துவிட்டார். லேப்டாப்புக்கு ஒட்டுகிறாயே, என் டப்பாவுக்கு ஒன்று செய்து தர மாட்டாயா? மேலே தமிழ், கீழே கன்னடம்.

அம்மா: எனக்கும் ஒரு செட்.

வேலு மாமா: எதிர் வீட்டு மாமியும் கேட்பார். இந்த பில்டிங்கில் மட்டும் தமிழ்க்காரர்கள் வீடு எத்தனை இருக்கிறது!

யாழினி: அத்தை!!! இது எனக்குத் தோன்றவே இல்லை.

யாழினி: ஒரு செட்டுக்கு 24 லேபிள். நீளம் இரண்டரை இன்ச், உயரம் ஒரு இன்ச் வைத்தால் ஒரு ஷீட்டில் இரண்டு செட் வருகிறது. செட்டுக்கு அடக்கம் 45. 149-க்கு விற்கலாம். பெரும்பாலும் பெங்களூருக்குள்ளேயே போகும், தமிழும் கன்னடமும் சேர்ந்து வேறு எங்கே வேண்டும்?

முரளி சித்தப்பா: இது வியாபாரம். நேற்றையது பொழுதுபோக்கு.

கார்த்திக்: மாவீரன் ஸ்டிக்கரை நிறுத்திவிடாதீர்கள் அக்கா.

வேலு மாமா: நாலு மூலையையும் வளைத்து வெட்டச் சொல். கூரான மூலை வளைந்த டப்பாவில் முதலில் தூக்கிக்கொள்ளும், அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், பிறகு மொத்தமும் உரியும். லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும், பளபளப்பு என்றால் விளக்கு வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. உன் திரையில் பளிச்சென்று இருக்கிற அந்தக் கிளிப்பச்சை அச்சில் மங்கிப்போகும், சிஎம்ஒய்கே-வில் (அச்சு மையின் நிற முறை) மாற்றிப் பார்த்துவிட்டுக் கொடு.

சித்ரா அத்தை: ஒட்டும் முன் டப்பாவை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைக்கச் சொல்லிப் பாக்கெட்டிலேயே எழுது. பழைய ஸ்டிக்கர் பசை போகாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, எண்ணெய் போக மறுபடி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதையும் எழுது.

சரோஜா பெரியத்தை (மதுரை): மல்லி என்று போடு. தனியா என்று போட்டுவிடாதே.

சித்ரா அத்தை: எங்கள் வீட்டில் தனியாதான் அக்கா.

அம்மா: கொத்தமல்லி விதை.

யாழினி: செட்டோடு ஆறு காலி லேபிள் தருகிறேன். அவரவர் எழுதிக்கொள்ளுங்கள்.

*திங்கள், மாலை 6:30*

யாழினி: [படம்] கடையிலிருந்து மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். எப்படி?

சித்ரா அத்தை: அழகாக இருக்கிறது. ஆனால் கொத்தமல்லியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விட்டதே. "வெந்தயம்" பார், அதிலும் கொம்பு இடம் மாறி நிற்கிறது.

அம்மா: நான் பார்க்கவே இல்லை.

யாழினி: ஐயோ, ஆமாம். நான் அனுப்பிய ஃபைலில் சரியாகத்தான் இருக்கிறது!

வேலு மாமா: அவர்கள் கம்ப்யூட்டரில் உன் ஃபான்ட் இருந்திருக்காது, இருந்தாலும் அந்த சாஃப்ட்வேரில் இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் செட்டிங் போட்டிருக்க மாட்டார்கள். ஒ, எ வரிசை எல்லாம் இப்படித்தான் பிய்ந்து நிற்கும். கன்னடத்தையும் ஒரு தடவை ரத்னம்மாவிடம் காட்டு. இனிமேல் எழுத்தாக அனுப்பாதே. அவுட்லைனாக, அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக, மாற்றி பிடிஎஃப் அனுப்பு. யார் திறந்தாலும் மாறாது.

முரளி சித்தப்பா: ஃபான்ட் காசு கொடுத்து வாங்கியதா?

யாழினி: முக்தா மலர் சித்தப்பா. திறந்த உரிமம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். கன்னடத்துக்கு நோட்டோ சான்ஸ், அதுவும் அப்படியே.

முரளி சித்தப்பா: நல்லது.

யாழினி: [படம்] மாற்றி அனுப்பிவிட்டேன். இப்போது பாருங்கள்.

சித்ரா அத்தை: கொத்தமல்லி சரி. வெந்தயம் சரி. கொண்டைக்கடலை சரி. ரத்னம்மா "உத்தின பேளே" (உளுத்தம்பருப்பு) சரியாக இருக்கிறது என்கிறார். போடச் சொல்லிவிடு.

வேலு மாமா: சனிக்கிழமை பத்து மணிக்கு சிக்பேட் மெட்ரோ வாசலில் நில். ஞாயிறு என்றால் பாதிக் கடை மூடியிருக்கும்.

முரளி சித்தப்பா: பில் வாங்கு. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதே.

சித்ரா அத்தை: யாழினி, ஜிபேயில் போட்டுவிட்டேன், பார்.

யாழினி: வந்தது அத்தை. 149-க்கு 200 போட்டிருக்கிறீர்கள்!

சித்ரா அத்தை: மீதிக்கு எண்ணெய் டின்னுக்குப் பெரிய எழுத்தில் மூன்று. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கு எண்ணெய்.

அம்மா: எனக்கும் அந்த மூன்று. நான் காசு தர மாட்டேன்.