பூச்சிக் குடலின் ‘செப்டேட் ஜங்ஷன்’: தமிழில் என்ன பெயர் இடலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

இளநிலை விலங்கியல் பாடநூலின் பூச்சியியல் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பூச்சிகளின் அடுத்தடுத்த உயிரணுக்களை இணைக்கும் ‘செப்டேட் ஜங்ஷன்’ என்னும் அமைப்புக்கு மட்டும் சொல் அமையவில்லை. முதுகெலும்பிகளின் குடலில் அடுத்தடுத்த உயிரணுக்களின் சவ்வுகள் ஒட்டிக்கொண்டு இடுக்கை அடைத்துவிடுவதால் ‘இறுக்கச் சந்தி’ பொருந்துகிறது. பழ ஈயின் நடுக்குடலிலோ சவ்வுகள் ஒட்டுவதில்லை. ஏறத்தாழ 15 முதல் 20 நானோமீட்டர் விலகி நிற்க, நடுவே குறுக்குத் தடுப்புகள் ஏணிப் படிகளாக அமைந்து, நுண்ணுயிர்களும் செரிமான நீரும் உடற்குழிக்குள் கசியாதபடி காக்கின்றன. ‘தடுப்புச் சந்தி’ என எழுதியிருக்கிறேன்.

---

ஐயா, வணக்கம்.

‘சந்தி’ வடசொல். ‘சந்து’ என்று திருத்தலாம் என்பவர்கள், அதற்கு மூட்டு என்பதோடு இடுக்கு, குறுகிய வழி என்ற பொருள்களும் உண்டென்பதை நினைக்க வேண்டும். கசிவை மறிக்கும் உறுப்புக்கு வழியின் பெயரை இடலாகாது. ‘மூட்டு’ என்றால் கணுக்காலிகளின் கால்தான் நினைவுக்கு வரும். நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. மணி, அடித்தது என்னும் இரு சொற்கள் சேர்கையில், இரண்டு உயிர்களும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல் யகரம் உடம்படுமெய்யாக நடுவே நின்று இணைக்கிறது. தமக்குள் ஒட்டாத இரு சவ்வுகளுக்கு நடுவே தடுப்பு செய்வதும் இதுவே. ‘உடம்படு பிணைப்பு’ என்பது என் முன்மொழிவு.

---

ஐயாவின் விளக்கம் என் மனத்தை நிறைத்தது. ஆயினும் வகுப்பில் ‘உடம்படு’ என்றால் மாணவர்கள் உடம்பைத்தான் நினைப்பார்கள். பாடம் நடத்துபவள் என்ற முறையில் இரண்டு இடர்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, இப்பிணைப்பில் இரு வகை உண்டு: முன்குடலிலும் பின்குடலிலும் மடிப்புள்ளது, நடுக்குடலில் மடிப்பில்லாதது. ஆகவே அடை ஏற்கும் குறுஞ்சொல்லே உதவும். இரண்டாவது, குடலின் காப்பையும் ‘தடுப்பு’ என்றே மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ‘தடுப்புச் சந்திகள் தடுப்பைக் காக்கின்றன’ என்ற வரி எவருக்கும் விளங்காது. காப்புக்கு ‘அரண்’ என்று வையுங்கள்.

அரண் குலைவதைக் காட்டும் சோதனையையும் பாடத்தில் சேர்க்க வேண்டுகிறேன். நீலச் சாயம் கலந்த உணவை உண்ட ஈயின் வயிற்றில் மட்டும் நீலம் தெரிந்தால் குடல் நலமாக இருக்கிறது. அரண் சிதைந்திருந்தால் சாயம் கசிந்து தலை முதல் வால் வரை நீலமாகிவிடும். நடுக்குடலில் இப்பிணைப்பை அமைக்கும் மெஷ், ஸ்னேக்ஸ்கின், டிஎஸ்பி2ஏ ஆகிய மூன்று புரதங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் உரிய இடத்தில் சேராமல் அரண் குலைகிறது என்பதை மாணவர் கண்ணால் காண்பது போல் உணர்த்த இதைவிட நல்ல வழி இல்லை. புரதப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். ஆய்விதழ்களில் தேட அவையே கைகொடுக்கும்.

---

அனைவருக்கும் நன்றி. என் ‘தடுப்பு’, ஐயாவின் ‘பிணைப்பு’ இரண்டையும் சேர்த்த ‘தடுப்புப் பிணைப்பு’ என்பதற்கே பெரும்பான்மை இசைவு வந்திருக்கிறது; ‘அரண்’ என்பதை எவரும் மறுக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

---

‘பிணைப்பு’ என்றால் வேதியியல் படித்த மாணவர் அணுக்களின் பிணைப்பென்றே கொள்வார். என் முன்மொழிவிலிருந்த அச்சொல்லையும் கைவிட்டு, ‘உடம்படு இணைப்பு’ என்கிறேன். அடுத்த பதிப்பிலாவது இதைக் கருத வேண்டும் என்ற என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.