வேறு கம்பெனி வண்டியின் வீலை மாட்டியவர்கள் உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்

செங்கோட்டை ஸ்விஃப்ட்:

ஹோண்டா சிட்டியின் 15 இஞ்ச் அலாய் வீல் நான்கை என் ஸ்விஃப்ட்டில் மாட்டி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. புனலூரில் ஒரு கல்யாணம். கோட்டவாசல் தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் முன்னால் இடது பக்கமிருந்து டக் டக் என்று சத்தம். வளைவில் மட்டும் கேட்கும், நேரே போனால் நின்றுவிடும். டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்து இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த நாலு கிலோமீட்டரை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினேன். வீல் நட்டை இரண்டு விரலால் பிடித்தேன், திரும்பியது. பானாவே வேண்டாம். மூன்று நட்டு அப்படி. நான்காவது இடத்தில் நட்டே இல்லை, நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டால் கோலமாவு மாதிரி அலுமினியத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் வந்த ஒரு சேட்டன் இறங்கி, என் நட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஈ வீலின்றெ நட்டல்லல்லோ" என்றார். மாருதி நட்டின் முனை கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி அலாயில் நட்டு உட்காரும் இடம் கிண்ணம் மாதிரி உருண்டையாக இருக்கும். கூம்பு அதில் ஒரு கோடாக மட்டும்தான் தொடும். ஓட ஓட அந்தக் கோடு நசுங்கி, இறுக்கம் போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறு. கடையில் மாட்டும்போது பையன் முதலில் ஹோண்டா நட்டைத்தான் போட்டான். இரண்டு சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மரைக்கு மரை இடைவெளியைத்தான் பிட்ச் என்பார்கள். மாருதி சுஸுகி ஸ்டட் ஒன்றே கால் மில்லி பிட்ச், ஹோண்டா நட்டு ஒன்றரை பிட்ச். அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு என் பழைய நட்டைப் போட்டு முறுக்கினான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் அது ஏறவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பம் எட்டியோஸ்:

நண்பரே, நல்லபடியாகத் தப்பித்தீர்கள், சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கிற எல்லோரும் வேறு வண்டி வீலே ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. என் எட்டியோஸில் ஹூண்டாய் ஐ20 அலாய் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. குமுளி மலையில் வாரத்துக்கு இரண்டு முறை ஏலக்காய் மூட்டையோடு ஏறி இறங்குகிறேன். இரண்டுக்கும் நாலு ஓட்டையும் நிற்கும் வட்டம் 100 மில்லி, நடு ஓட்டை 54.1, ஸ்டட்டும் ஒன்றரை பிட்ச், நட்டு கூம்பு. எல்லாம் ஒன்று. ஒரு சத்தம் கிடையாது.

எனக்கு நடந்தது ஒன்றே ஒன்று. மாட்டிய மறுநாள் லோயர் கேம்ப்பில் டீக்கு நிறுத்தியபோது, பழக்கதோஷத்தில் பானா போட்டுப் பார்த்தேன். பதினாறு நட்டில் ஐந்து கால் சுற்று போனது. ஒன்றும் கழன்றிருக்கவில்லை. பெயிண்ட் நசுங்கி இடம் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால் சுற்று கையில் உணர்ந்த விதம் மறக்கவில்லை. புது வீல் மாட்டினால் 50, 100 கிலோமீட்டரில் ஒரு முறை இறுக்கிப் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் அதைச் செய்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

வாளையார் பழைய பாலியோ:

கம்பம் நண்பர் அளவெல்லாம் தெரிந்து மாட்டியவர். நம்மில் பாதிப் பேர் ஓட்டைக்குள் போல்ட் போனதும் 'பொருந்திவிட்டது' என்று முடிவு செய்கிறவர்கள். நானும் அப்படித்தான். ஃபியட் பாலியோவுக்கு அந்த ஓட்டை வட்டம் 98 மில்லி. உக்கடம் பழைய சாமான் கடையில் வாங்கிய வீல் 100. இரண்டு மில்லிதானே என்றார்கள். ஓட்டைக்கு ஒரு மில்லிதான் விலகுகிறது, போல்ட்டும் முறுக்க முறுக்க இறுகியது. ஆனால் அது கூம்பில் உட்கார்ந்து இறுகவில்லை, சாய்ந்து இறுகியது.

70க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். இரண்டு முறை பேலன்சிங் செய்தேன், மூன்றாவது முறை அலைன்மென்ட். கஞ்சிக்கோடு தாண்டி ஒரு நாள் டங் என்று ஒரு சத்தம். கோயில் மணியை ஒரே ஒரு தட்டு தட்டியதுபோல. இறங்கிப் பார்த்தால் ஒரு போல்ட்டின் தலை இல்லை. முறிந்த இடம் பாதி துருப்பிடித்தும் பாதி பளபளவென்றும் இருந்தது. பாதி எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. அதோடுதான் நான் குடும்பத்தை ஏற்றிப் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்ப இறுக்கினால் போதும் என்று சொல்லாதீர்கள், கம்பம் நண்பரே. செங்கோட்டைக்காரர் தினமும் இறுக்கியிருந்தாலும் அந்தக் கிண்ணத்தில் அந்தக் கூம்பு உட்கார்ந்திருக்காது.

களியக்காவிளை இன்னோவா:

எனக்கு நடந்தது சின்னது. பாறசாலையில் ராத்திரி பதினொரு மணிக்கு மச்சானின் கிரெட்டா ஒரே பள்ளத்தில் இரண்டு டயர் பஞ்சர். ஒன்றுக்கு அவனுடைய ஸ்டெப்னி. இன்னொன்றுக்கு என் இன்னோவா ஸ்டெப்னியைக் கழற்றினோம். இரண்டுமே ஐந்து ஓட்டை, வட்டம் 114.3. ஸ்டட் ஐந்தும் ஓட்டைக்கு நேரே நிற்கிறது, வீல் மட்டும் உள்ளே போகவில்லை. மச்சான் காலால் உதைத்தான். இன்னோவாவின் நடு ஓட்டை 60.1, அதற்குள் போகவேண்டிய கிரெட்டாவின் நடுக்குமிழ், அதாவது ஹப், 67.1. விடிய விடிய உதைத்தாலும் போகாது.

அதற்குப் பிறகு நான் பார்த்துப் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். காயலாங்கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேலும் வெர்னியரும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஓட்டை வீலுக்கு எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்தாலே அந்த வட்டத்தின் விட்டம், பி.சி.டி. என்பது, வந்துவிடும். ஐந்து ஓட்டைக்கு எதிர் ஓட்டை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுவை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 67.2 வந்தால் அது 114.3, 65.8 வந்தால் 112. ஒன்றரை மில்லிக்குள்தான் வித்தியாசம், கண்ணை நம்ப வேண்டாம். அடுத்து நடு ஓட்டை. வீலுடையது ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ரிங் போடலாம். சிட்டியின் 56.1க்கும் ஸ்விஃப்ட்டின் 54.1க்கும் நடுவே சுற்றிலும் ஒரு மில்லி ரிங் வேண்டும். செங்கோட்டை நண்பருக்கு அதைப் போட்டார்களா? சிறியதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். லேத்தில் கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பார்கள், கடைய விடாதீர்கள்.

மாட்டியபின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் தட்டுகிறதா என்று தெரியும். டயரின் மொத்த உயரமும் முக்கியம். 165/80 14ம் 185/65 15ம் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டு மில்லிதான் வித்தியாசம். அதனால் வேக மீட்டர் பொய் சொல்லாது. அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று: ஸ்டெப்னி பழைய இரும்பு டிஸ்க்காகவே இருக்கும். அலாய்க்கு உருண்டை நட்டு வாங்கினால், ஸ்டெப்னிக்கான பழைய கூம்பு நட்டு நாலையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை ஸ்விஃப்ட்:

கம்பம் நண்பருக்கு: இறுக்கினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் பதினாறையும் நானே, பானாவின் மேல் கால் வைத்து இறுக்கினேன். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. வாளையார்க்காரர் சொல்வதுதான் சரி.

களியக்காவிளை அண்ணாச்சிக்கு: ரிங் போடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத் தெரியாது. ஆனால் ஸ்டெப்னி என் பழைய டிஸ்க், நட்டும் அதற்குரியது, அதனால் அங்கேயே மாட்ட முடிந்தது. காணாமல் போன நட்டுக்குப் பதில் பின் வீலிலிருந்து ஒன்றைக் கழற்றச் சொன்னார் அந்தச் சேட்டன். இருபது, முப்பதிலேயே உருட்டிக்கொண்டு செங்கோட்டைக்குத் திரும்பினோம். ஜீப் புளியரை வரை பின்னாலேயே வந்தது. மகள் புளியரை எஸ் வளைவில்தான் எழுந்து, கல்யாணம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

அந்த அலாய் நான்கும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. ஸ்விஃப்ட்டுக்கென்று கேட்டு மூன்று பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. ஓட்டைகளை ஒரு நல்ல வீல் கடையில் காட்டிச் சோதித்துவிட்டு, சிட்டி வைத்திருப்பவர் வந்தால் தருகிறேன். ஒன்றில் மட்டும் நட்டு உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது, அதைத் தரமாட்டேன். மூன்றுதான்.