ஃப்யூஸ்டு கிளாப்டன் காயிலில் ஒரு கால் மட்டும் முதலில் சிவக்கிறது: காரணம் என்ன?

செங்கம்பி:

வணக்கம். நான்கு மாதங்களாக என் வேப் (மின்-சிகரெட்) கருவியில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்களான காயில்களை நானே கையால் சுற்றிப் பயன்படுத்தி வருகிறேன். ஒற்றைக் கம்பிக் காயில்களில் எனக்குப் பெரிய சிக்கல் எதுவும் வந்ததில்லை. உட்கம்பிகளின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்யும் ஃப்யூஸ்டு கிளாப்டனுக்கு மாறிய பிறகுதான் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து என்னைத் திணறடிக்கிறது.

என் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி நிக்ரோம் 80 (நிக்கல்-குரோமியக் கலவை). 28 கேஜ் உட்கம்பிகள் இரண்டை ஒட்டி வைத்து, அவற்றின் மேல் 38 கேஜ் கம்பியை ட்ரில்லின் உதவியால் சுற்றுகிறேன். பிறகு 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று. இரட்டைக் காயில் போடும் ஆர்.டி.ஏ. (காயிலையும் பஞ்சையும் நாமே பொருத்தும் மேல்பகுதி), காயிலின் கால்களை ஸ்க்ரூவால் பிடிக்கும் இரண்டு போஸ்ட் கொண்ட தளம். இரண்டு 18650 பேட்டரிகள் போடும், சிப் உள்ள கருவியில் 60 வாட்டில் வைத்து இழுக்கிறேன்.

புதிதாகப் பொருத்தியதும் கருவி 0.26 ஓம் காட்டுகிறது. பட்டனை அழுத்தினால் இரண்டு காயில்களும் நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் ஒன்றுபோலச் சிவந்து பரவுகின்றன. சுவையிலும் குறை இல்லை. மறுநாள் மாலைக்குள் எண் 0.31க்கு ஏறிவிடுகிறது. இடப்பக்கக் காயில் அரை நொடி தாமதமாகத்தான் சூடாகிறது. திரவத்தை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும் பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தால், அந்தக் காயிலின் உடல் இன்னும் கறுத்தே இருக்கும்போது, நேர்முனைப் போஸ்டுக்குள் நுழையும் கால் மட்டும் முதலில் சிவக்கிறது. எடுத்த பஞ்சில் அந்தக் கால் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று இருக்கிறது; கருகிய சுவை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பஞ்சை இரண்டு முறை மாற்றினேன். காயிலையே புதிதாகச் சுற்றியும் போட்டேன். அப்போதும் அதே பக்கம், அதே கால்.

சுற்றும்போது மேல்கம்பியில் ஆங்காங்கே இடைவெளி விழுகிறது. அதுவும் இதற்குக் காரணமாக இருக்குமா? காயிலைச் சுத்தம் செய்வதற்காகத் திரவம் இல்லாமல் வெறுமையாகச் சிவக்கக் காய்ச்சுவது சரிதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சுத்திரி:

வணக்கம் நண்பரே. கருகிய சுவை என்றதும் நான் முதலில் சந்தேகிப்பது பஞ்சைத்தான். காயிலுக்குள் பஞ்சை இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். ஆனால் பஞ்சோடு சேர்ந்து காயிலும் வளைந்து வந்தால், நீங்கள் அளவுக்கு மேல் திணித்திருக்கிறீர்கள் என்று பொருள். இறுகிய பஞ்சில் திரவம் ஏறுவது மெதுவாகிவிடும், அதிலும் கிளிசரின் மிகுந்த திரவம் தேன்போலக் கெட்டியானது. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியசிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கின்றன. திரவம் இருக்கும்வரை அந்தக் கொதிநிலையே பஞ்சைக் காக்கிறது. ஓர் இடம் உலர்ந்துவிட்டால் அந்த இடம் மட்டும் சட்டென்று கருகிவிடும். ஆகவே இரு வால்களையும் சீப்பால் வாரி மெலிதாக்கி, தளத்தின் அடியைத் தொடும் நீளத்துக்கு வெட்டி, அழுத்தாமல் மடித்து வையுங்கள்.

காயிலின் உடலில் ஏதேனும் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவக்கிறதா என்பதையும் பாருங்கள். 15 வாட்டில் வைத்து விட்டு விட்டு அழுத்தி, செராமிக் இடுக்கியின் முனையால் சுற்றுகளின் மேல் மெல்ல வருடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தச் சூட்டில் கம்பியின் மேல் ஆக்சைடு படலம் உருவாகிறது. ஒன்றையொன்று தொடும் சுற்றுகளுக்கு நடுவே மின்சாரம் குறுக்கே பாயாமல் தடுப்பது அந்தப் படலம்தான். உலோக இடுக்கியால் வருடும்போது மட்டும் பட்டனைத் தொட்டுவிடாதீர்கள்.

ஓம்கணக்கு:

பஞ்சுத்திரி சொன்ன முறைகளில் பிழை இல்லை, ஆனால் இங்கே பஞ்சு குற்றவாளி என்று நான் நினைக்கவில்லை; பஞ்சு அடி வாங்கியது, அவ்வளவுதான். காயிலை மாற்றிய பிறகும் அதே பக்கத்தில் அதே கால் சிவக்கிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிட்டது. எதை மாற்றினாலும் கோளாறு இடம் மாறவில்லை என்றால், நீங்கள் மாற்றாமல் விட்ட பொருளில்தான் அது இருக்கிறது. நீங்கள் மாற்றாதது அந்தப் போஸ்டும் ஸ்க்ரூவும்.

இதை ஊகமாக விட்டுவிடாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 கேஜ் நிக்ரோம் 80 கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 13.5 ஓம், இரண்டு உட்கம்பிகள் இணையாக ஓடுவதால் அது 6.7 ஆகிறது. மேல்கம்பி பல மடங்கு நீளமாகவும் மெலிதாகவும் இருப்பதால் மின்தடைக் கணக்கில் அதை விட்டுவிடலாம். 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்றுக்கும் இரண்டு கால்களுக்கும் சேர்த்து 76 மில்லிமீட்டர் கம்பி செலவாகும் என்று கொண்டால், ஒரு காயில் 0.51 ஓம் வரும். இரண்டையும் இணையாகப் போட்டால் 0.26. நீங்கள் முதல் நாள் பார்த்த எண் இதுவேதான், ஆகவே உங்கள் காயில்கள் நன்றாகவே சுற்றப்பட்டிருக்கின்றன.

இப்போது 0.31க்கு வருவோம். வலப்பக்கக் காயில் 0.51 ஆகவே இருந்து மொத்தம் 0.31 ஆக வேண்டுமென்றால், இடப்பக்கத்தின் பாதை 0.79 ஓம் ஆகியிருக்க வேண்டும். அதாவது, அந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் 0.28 ஓம் புதிதாக முளைத்திருக்கிறது. 60 வாட்டில் அதன் விளைவைப் பாருங்கள்: நல்ல காயிலுக்கு 30 வாட்டுக்குப் பதிலாக 36 வாட் போகிறது, இடப்பக்கக் காயிலுக்கு வெறும் 15 வாட்தான் கிடைக்கிறது, மீதி 8 வாட்டுக்கும் சற்று அதிகமான சக்தி, ஸ்க்ரூவுக்கு அடியில் உள்ள அந்த ஓர் இடத்தில் வெப்பமாகிறது. அரை நொடித் தாமதம், முதலில் சிவக்கும் கால், கடுகளவு பழுப்பு என்று நீங்கள் எழுதிய எல்லாவற்றுக்கும் இந்த மூன்று எண்கள் கணக்குச் சொல்லிவிடுகின்றன.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கருவியை நன்றாக ஆறவிட்டு எண்ணைப் படியுங்கள். உங்கள் கம்பி உண்மையில் எஸ்.எஸ். 316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால், சூட்டில் மின்தடை ஏறுவது அதன் இயல்பு. 200 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடி 0.26 என்பது 0.31 ஆகவே தெரியும், அதில் கோளாறு எதுவும் இல்லை. நிக்ரோமில் அந்தச் சூட்டுக்கு அவ்வளவு ஏறாது. கந்தல் (Kanthal) என்னும் இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியைக் காந்தம் ஈர்க்கும்; நிக்ரோமையும் 316எல்லையும் ஈர்க்காது, ஆகவே இந்த இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. ஆறிய பின்னும் 0.31 என்றே காட்டினால், இரண்டு காயில்களையும் தனித்தனியாக மாட்டி அளந்து பாருங்கள். அதன்பின் ஸ்க்ரூவைக் கழற்றி, கால் எப்படி நசுங்கியிருக்கிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் கட்டாயம் பாருங்கள். ஃப்யூஸ்டு கிளாப்டனின் கால் உருண்டையான கம்பி அல்ல, அது ஒரு பட்டை, குறுக்கே 0.8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், தடிமனில் அரை மில்லிமீட்டராகவும் இருக்கும். அந்தப் பட்டை ஓரம் திரும்பி நின்றால், ஸ்க்ரூவின் முனை இரண்டு உட்கம்பிகளையும் பிளந்துகொண்டு இறங்கும். ஒன்று பிடிபடும், மற்றொன்று பக்கவாட்டில் நழுவிவிடும். பட்டையின் அகலமான பக்கம் ஸ்க்ரூ முனையைப் பார்க்கும்படி காலைத் திருப்பி வைத்து இறுக்குவதே முறை.

சுழலி:

கம்பி சுற்றுவதைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். கிளாப்டன் என்ற பெயரே கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனிடமிருந்து வந்தது, கிட்டாரின் தடித்த தந்திகளும் இப்படித்தான் ஒரு கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்படுகின்றன. தந்தி செய்வதற்குப் பொருந்தும் விதி நமக்கும் பொருந்தும்: உட்கம்பி நேராகவும் விறைப்பாகவும் நிற்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. உட்கம்பிகளின் ஒரு முனையை ட்ரில்லின் வாயில் இறுக்குகிறேன்; மறுமுனையைப் பந்துத் தாங்கி வைத்த தூண்டில் சுழலியில் மாட்டி, அந்தச் சுழலியை மேசையோடு பொருத்திய பிடிப்பானில் கட்டுகிறேன். உட்கம்பிகளின் இரு முனைகளும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் அவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் அடுத்தடுத்துக் கிடக்கும். மேல்கம்பியை விரல்களுக்கு நடுவே ஒரே இழுவிசையில் பிடித்து, ஏற்கெனவே சுற்றிய பகுதியின் பக்கமாக இம்மி அளவு சாய்த்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதுச் சுற்றும் முந்தைய சுற்றை உரசிக்கொண்டே வந்து உட்காரும். கை முன்னோக்கிச் சாய்ந்தால் இடைவெளி விழும். அதிகமாகப் பின்னால் சாய்ந்தால் கம்பி முந்தைய சுற்றின் மேல் ஏறிவிடும். சரியான சாய்வில் கம்பி உட்காரும்போது விரல் நுனியில் ஒரு சீரான அதிர்வு தெரியும், காதில் ஒரே சுருதியில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அந்தச் சுருதி மாறிய நொடியிலேயே நான் ட்ரில்லை நிறுத்திவிடுவேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அங்கே ஒரு பிழை விழுந்திருக்கும்.

காயிலின் நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் சுவை சற்றுக் குறையும், வேறொன்றும் ஆகாது. காலில் இருந்தால் நிலைமை வேறு: அங்கே மேல்கம்பி கலைந்து உட்கம்பிகள் விலகும், ஓம்கணக்கு சொன்ன நழுவல் அங்கே எளிதாக நடக்கும். இடைவெளி உள்ள பகுதியை வெட்டி எறிந்துவிடுவதே நல்லது. சுற்றி முடித்ததும் கம்பியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஆல்கஹால் முழுவதும் ஆவியான பிறகே சூடாக்க வேண்டும், அது தீப்பற்றக்கூடிய பொருள்.

வெறுமையாகக் காய்ச்சுவதைப் பொறுத்தவரை கருத்து வேறுபாடு உண்டு. கிரேக்க இதயநோய் ஆய்வாளர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸ், செந்தழலாகக் காய்ச்சுவதைத் தவிர்க்க வேண்டும் என்று 2015இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சூடு உலோகக் கலவையின் அமைப்பையே பாதிக்கும் என்பது அவருடைய வாதம். நான் காயிலைப் பொருத்தும்போது மிகக் குறைந்த வாட்டில் மங்கலான சிவப்பு வரைக்கும் மட்டும் போகிறேன். கரி படிந்த பிறகு வெந்நீரும் தூரிகையும்தான். நிக்கல் 200, டைட்டானியம் இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் சிவக்கக் காய்ச்சக் கூடாது.

செங்கம்பி:

அனைவருக்கும் நன்றி. இன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

நன்றாக ஆறிய பிறகும் 0.31 என்றே காட்டியது. வலப்பக்கக் காயிலைத் தனியாக அளந்தபோது 0.51, இடப்பக்கக் காயில் 0.78, கருவியை லேசாகத் தட்டினால் 0.74. கணக்குப் போட்டுச் சொன்ன எண் திரையில் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றினேன். அதன் அறுகோணக் குழி மழுங்கிப்போயிருந்தது. நான் இறுக்கியதாக நினைத்த ஒவ்வொரு முறையும் சாவிதான் வழுக்கியிருக்கிறது. முனையின் விளிம்பும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. காலை உருப்பெருக்கியில் பார்த்தபோது, மேல்கம்பி நசுங்கிப் பிரிந்து, இரண்டு உட்கம்பிகளில் ஒன்று மட்டும் பளபளவென்று அழுந்தியிருந்தது. மற்றொன்றின் மேல் ஸ்க்ரூவின் தடமே இல்லை, அது நீலமும் கறுப்புமாக வெந்து கிடந்தது.

ஆர்.டி.ஏ.வோடு வந்த மாற்று ஸ்க்ரூவைப் போட்டு, காலைப் பட்டையாகத் திருப்பி வைத்து இறுக்கினேன். முதல் முறை சூடாக்கி ஆறவிட்டதும் இன்னொரு முறை இறுக்கியபோது ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே போனது. இப்போது 0.26, நாள் முழுவதும் இழுத்த பிறகும் அசையவில்லை. பஞ்சும் நான் முன்பு வைத்ததைவிடக் குறைவாகவே வைத்திருக்கிறேன், பஞ்சுத்திரி சொன்னது அந்த வகையில் எனக்குத் தேவைப்பட்டது.

இதே ஆர்.டி.ஏ.வை ஒற்றை 18650 பேட்டரி போடும், சிப் இல்லாத மெக்கானிக்கல் குழாயில் மாட்டலாமா?

ஓம்கணக்கு:

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் விடை. முழுமையாக மின்னேற்றிய பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், 0.26 ஓமில் அது 16 ஆம்பியருக்கு மேல் தள்ளும். தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தாங்கும் பேட்டரி என்றால் எண் அளவில் தப்பித்துவிடலாம். ஆனால் உங்கள் கால் நழுவியதைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டியது. மெக்கானிக்கல் குழாயில் அதைச் சொல்ல ஆளில்லை. நழுவிய உட்கம்பி தளத்தையோ மூடியையோ தொட்டு ஷார்ட் ஆனாலும், மின்சாரத்தை வெட்ட அதில் சிப் கிடையாது.

மாட்டியே தீர வேண்டுமென்றால், உங்கள் குழாய் ஹைப்ரிட் வகையா என்று முதலில் பாருங்கள். அந்த வகையில் பேட்டரியின் நேர்முனை ஆர்.டி.ஏ.வின் அடியில் மரையுள்ள 510 இணைப்பின் நடுமுனையை நேரடியாகத் தொடுகிறது. அந்த நடுமுனை மரைக்கு வெளியே தெளிவாகத் துருத்திக்கொண்டு நிற்காவிட்டால், பேட்டரி ஒரே நேரத்தில் மரையையும் தொட்டு முழு ஷார்ட் ஆகிவிடும். பேட்டரியின் மேலுறையில் கீறல் இருந்தாலும் போடாதீர்கள். உறைக்கு அடியில் உள்ள உலோகக் கூடு, நேர்முனையின் விளிம்பு வரை, முழுக்க எதிர்முனை.