ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடுவேன் என்பவரை எப்படி முதலிடத்தில் வைப்பது?

அதியமான்கோட்டை எக்ஸ்பிரஸ்:

பும்ராவை மிஞ்ச இந்தியாவில் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் பிறக்கவே இல்லை என்று தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் ஒருவர் போட்டுக்கொண்டே இருக்கிறார். திறமையில் எனக்கும் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு.

2025 இங்கிலாந்துத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து டெஸ்ட். மூன்றில்தான் ஆடுவார் என்று தொடங்கும் முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அவர் ஆடியதில் லீட்ஸும் லார்ட்ஸும் தோல்வி, ஓல்ட் டிராஃபோர்ட் டிரா. ஆடாத எட்ஜ்பாஸ்டனிலும் ஓவலிலும் ஜெயித்தோம். 1-2 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் வந்தது ஓவல். தோற்றால் தொடர் போச்சு. அந்த ஆட்டத்தில் அவர் இல்லை.

அதே தொடரில் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் ஐந்திலும் ஆடினார். 185 ஓவருக்கு மேல் போட்டு 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் நான்காம் நாள் ப்ரூக்கின் கேட்சைப் பிடித்துவிட்டு எல்லைக்கோட்டை மிதித்தாரே, அன்று ராத்திரி அவர் எப்படித் தூங்கினாரோ. மறுநாள் காலை இங்கிலாந்துக்கு 35 ரன் தேவை, கையில் நான்கு விக்கெட். கடைசியில் அட்கின்சனின் ஸ்டம்பை யார்க்கரில் பெயர்த்து, 6 ரன்னில் ஜெயிக்க வைத்தார். எனக்கு நம்பர் ஒன் என்றால் இப்படி வந்து நிற்பவர்தான்.

ஓசூர் மிட்-ஆன்:

அண்ணா, சிராஜைப் பாராட்டுங்கள், நானும் கூட நின்று கை தட்டுகிறேன். அதற்கு எதற்குப் பும்ராவை இழுக்க வேண்டும்?

"ஆடினால் தோல்வி, ஆடாவிட்டால் வெற்றி" என்பது ராசி பார்க்கிற கணக்கு. எட்ஜ்பாஸ்டனில் கில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 430 ரன் அடித்தார், ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். ஜெயித்ததற்கு அதுதான் காரணம். லீட்ஸில் பும்ரா ஐந்து விக்கெட் எடுத்தார். அவர் பந்தில் வந்த கேட்சுகளைக் கோட்டை விட்டதும், கீழ்வரிசை இரண்டு தடவையும் மளமளவென்று சரிந்ததும் அவர் குற்றமா? லார்ட்ஸிலும் ஐந்து விக்கெட். 193 ரன் இலக்கைத் துரத்தும்போது ஜடேஜாவுக்குத் துணையாக 54 பந்து தடுத்து நின்றதும் இதே ஆள்தான். நின்று ஆட மனசு வேண்டும் என்கிறீர்களே, அதற்குப் பெயர் என்னவாம்?

ஓவல் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தைய டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 33 ஓவர் போட்டு 112 ரன் கொடுத்தார். டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் அவர் நூறு ரன்னுக்கு மேல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வேகமும் குறைந்திருந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த ஆட்டம் ஜூலை 27 முடிகிறது, ஓவல் 31 தொடங்குகிறது. நடுவில் மூன்றே நாள்.

பென்னாகரம் பவுன்சர்:

அந்த மூன்று நாள் சிராஜுக்கும் அதே மூன்று நாள்தானே தம்பி? அவருக்கு மட்டும் தனிக் காலண்டரா?

ஓசூர் மிட்-ஆன்:

சிராஜின் முதுகில் கத்தி வைக்கவில்லை. பும்ராவுக்கு 2022-ல் முதுகெலும்பு அழுத்த முறிவு, டி20 உலகக் கோப்பை போச்சு. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்ததே ஆகஸ்டில், அயர்லாந்துக்கு எதிராக. அப்புறம் 2024-25 ஆஸ்திரேலியத் தொடர்: ஐந்து டெஸ்டிலும் ஆடினார். 151 ஓவருக்கு மேல், 32 விக்கெட், சராசரி 13 சொச்சம். நீங்கள் கேட்கிற மாதிரி எல்லா ஆட்டத்திலும் நின்றார். முடிவு? சிட்னியில் இரண்டாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டே போனார். கடைசி இன்னிங்ஸில் 162 ரன் இலக்கைக் காக்க வேண்டிய நேரத்தில் பந்தைத் தொடக்கூட முடியவில்லை. சாம்பியன்ஸ் டிராபியும் போனது. ஐந்தும் ஆடு என்று கேட்டால் கிடைப்பது நாலரைதான்.

தொப்பூர் கணவாய்:

எங்கள் வீட்டில் லாரித் தொழில், அதனால் எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மற்றவர்கள் தூரத்திலிருந்து ஓடி வந்து, ஓட்டத்திலேயே பாதி வேகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பும்ரா ஏழெட்டு அடி தத்தித் தத்தி வந்து, கடைசியில் முன்காலை நட்டுக்குத்தலாக ஊன்றி, முழு வேகத்தையும் அந்த ஒரு மிதியில் முதுகு வழியாகக் கைக்கு ஏற்றுகிறார். லோடு வண்டி கணவாயில் இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்தால் என்ன ஆகுமோ, அந்த முதுகுக்கு அதுதான் ஆகிறது. வண்டியை ஓரம் கட்டி ஆற வைப்பவனைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்று. இந்த மரியாதை எல்லாருக்கும் கிடைத்ததா? நம் நட்டுவுக்குக் கிடைத்ததா?

காவேரிப்பட்டணம் ஸ்லிப்:

வந்துட்டாரய்யா. நடராஜன் பெயர் வராமல் இந்தப் பக்கம் ஒரு கிரிக்கெட் பேச்சு முடியாது 😀

தொப்பூர் கணவாய்:

ஏன் வரக்கூடாது? சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டம்தான், ஆனால் கணவாய் இறங்கினால் எங்களுக்கு அக்கம்பக்கம். டென்னிஸ் பாலில் வளர்ந்த பையன். 2016 டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் யார்க்கராகப் போட்டு, அடுத்த ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2020 ஐபிஎல்லில் டி வில்லியர்ஸ் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியா, வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக. மகள் பிறந்தபோதுகூட ஊரில் இல்லை. ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம். பிரிஸ்பேனில் லபுஷேன் விக்கெட் உட்பட மூன்று எடுத்தார். 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. இந்தியாவுக்கு அந்த ஒரு டெஸ்டோடு சரி.

அந்த பிரிஸ்பேன் டெஸ்டில் நட்டு ஏன் ஆடினார் தெரியுமா? பும்ராவுக்கு வயிற்றுத் தசைப்பிடிப்பு. சிராஜ் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்ததும் அதே ஆட்டம்தான். ஒருவர் உட்காரும்போதுதான் இன்னொருவருக்குக் கதவு திறக்கிறது. எக்ஸ்பிரஸ் அண்ணன் இதையும் யோசிக்க வேண்டும்.

அதியமான்கோட்டை எக்ஸ்பிரஸ்:

நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம் கணவாய். பும்ரா உட்கார்ந்தால் "பணிச்சுமை மேலாண்மை" என்று பெரிய பெயர். நட்டு மாதிரி ஆள் உட்கார்ந்தால் "உடல்தகுதி இல்லை". யாருக்கு ஓய்வு, யாருக்குக் கல்தா என்பதை நட்சத்திர அந்தஸ்துதான் முடிவு செய்கிறது.

ஓசூர் மிட்-ஆன்:

அந்த அந்தஸ்து சும்மா வந்ததில்லையே. எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். 2013 ஏப்ரலில் அவருடைய முதல் ஐபிஎல் ஆட்டமே பெங்களூர் சின்னசாமி மைதானத்தில்தான். முதல் ஓவரிலேயே கோலி பவுண்டரிகளாக விளாசினார், அதே ஓவரில் எல்பிடபிள்யூ ஆகிப் போனார். 19 வயதுப் பையன்! ஆர்சிபி ரசிகனாக அன்று வயிறு எரிந்தது. 2022 மார்ச்சில் அதே மைதானத்தில் இளஞ்சிவப்புப் பந்து டெஸ்ட், இலங்கைக்கு எதிராக. நான் போயிருந்தேன். இலங்கை 109-க்கு ஆல் அவுட், பும்ரா 24 ரன்னுக்கு ஐந்து விக்கெட். சுழலுக்குச் சாதகமான ஆடுகளம் அது. ஸ்பின்னர்களுக்காக வந்த கூட்டம் அவர் ரன்-அப்புக்குத் திரும்பி நடக்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டது. டிவியில் தெரியாத ஒன்று: பந்து கையை விட்டு எப்போது வந்தது என்றே தெரியாது, பேட்ஸ்மேன் அசைவதை வைத்துத்தான் நமக்கே புரியும்.

காவேரிப்பட்டணம் ஸ்லிப்:

நான் இந்தச் சண்டையில் யார் பக்கமும் இல்லை, ஆனால் ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை. அவரை இவ்வளவு பேருக்குப் பிடிக்கக் காரணம் விக்கெட் எண்ணிக்கையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்தர், பிரெட் லீ மாதிரி மணிக்கு 150 கி.மீ. வேகத்தைத் தாண்டிக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை. முறைப்பது கிடையாது, வாய்ச்சண்டை அபூர்வம். விக்கெட் எடுத்தால் பாதி நேரம் சிரிக்கிறார்.

அவரிடம் இருப்பது யோசனை. 2018 மெல்போர்ன் டெஸ்ட், மதிய உணவுக்கு முந்தைய கடைசிப் பந்து. ஷான் மார்ஷ் எப்படியாவது தடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நிற்கிறார். மிட்-ஆஃபில் நின்ற ரோஹித், மெதுவான பந்து போட்டுப் பாரேன் என்கிறார். அதுவரை 140-ஐ ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தவர், அதே கை வேகத்தில் மெதுவான யார்க்கர் விடுகிறார். மார்ஷ் மட்டையைக் கீழே கொண்டுவந்து முடித்த பிறகுதான் பந்து வந்து காலில் படுகிறது. அந்த இன்னிங்ஸில் 33 ரன்னுக்கு ஆறு விக்கெட். 2024 விசாகப்பட்டினத்தில் ஒல்லி போப்புக்குப் போட்ட யார்க்கர் இன்னொரு ரகம். இரண்டு ஸ்டம்ப் காற்றில் பறந்தது. அந்த டெஸ்ட் முடிந்ததும்தான் டெஸ்ட் தரவரிசையில் முதலிடம், இந்திய வேகப்பந்து வீச்சாளர் யாருக்கும் அதற்கு முன் கிடைக்காதது.

இந்த யார்க்கர் எங்கே கற்றது தெரியுமா? சின்ன வயதில் அகமதாபாத் வீட்டுக்குள்ளே. சத்தம் கேட்டால் அம்மா திட்டுவார் என்று, சுவரும் தரையும் சேருகிற மூலையில் சரியாகப் படும்படி போட்டுப் பழகியிருக்கிறார். அங்கே பட்டால் சத்தம் வராதாம்.

பி.டி. வாத்தியார் (போச்சம்பள்ளிப் பக்கம்):

எல்லாரும் பேசி முடித்தீர்களா? அந்தச் சுவர் மூலைக் கதையை எங்கள் பையன்களிடம் சொல்லிவிடாதீர்கள், வகுப்பறைச் சுவர் தாங்காது.

தினமும் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் பும்ரா மாதிரிதான் போடுகிறார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தத்தி நடந்து வந்து, கடைசியில் ஒரு வீச்சு. பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் பும்ராவின் முழங்கை நேருக்கு மேல் பின்பக்கமாகவும் கொஞ்சம் வளையும், அது பிறவி அமைப்பு. இவன்களுக்கு அது கிடையாது. வேகம் வேண்டும் என்று இழுக்கும்போது கை மடங்கி, பந்து மாங்கா அடியாகிவிடுகிறது, அதாவது வீச்சு போய் எறிதலாகிவிடுகிறது. வட்டாரப் போட்டியில் நடுவர் நோ-பால் என்று கை நீட்டினால் என்னிடம் வந்து "பும்ராவுக்குக் கொடுக்க மாட்டாங்களே சார்" என்று நியாயம் கேட்கிறான்கள்.

சரி, கை போகட்டும். என் கவலை முதுகு. நம் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் எப்படி நடக்கிறது? காய்ந்த ஏரியில் பிட்ச் போட்டு, காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டுகிற வரை. நன்றாகப் போடுகிற பையன் ஒருவன் கிடைத்தால் எல்லா மேட்சிலும் அவனைத்தான் பிழிவார்கள். அடுத்த ஊர்க்காரன் வேறு பெட்ரோல் காசு கொடுத்துக் கூட்டிப்போவான். போன வருடம் என்னிடம் இருந்த நல்ல இடக்கைப் பையன் ஒருவன் இடுப்பு வலி என்று வந்தான், எலும்பு மருத்துவர் மூன்று மாதம் பந்தையே தொடாதே என்றார். அவனுக்குப் பதினாறு வயது. எக்ஸ்பிரஸ் தம்பி, "எல்லா ஆட்டத்திலும் நிற்பவன்தான் ஆம்பளை" என்கிற பேச்சு அவன் காதுக்கும் போகிறது, அதை மனதில் வையுங்கள்.

அதியமான்கோட்டை எக்ஸ்பிரஸ்:

சார், ஆம்பளை என்ற வார்த்தையை நான் எங்கேயும் எழுதவில்லை. பதினாறு வயதுப் பையனைப் பிழிவது அயோக்கியத்தனம், அதில் இரண்டு கருத்து இல்லை. எங்கள் டீமில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேட்ச்தான், வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

நான் சொல்வது உலகத்தின் முதல் நிலை வீரரைப் பற்றி. ஓய்வு எடுக்கட்டும். ஆனால் மூன்று என்று முன்கூட்டியே ஊரறியச் சொன்னது எனக்குப் புரியவே இல்லை. எதிரணிக்குத் திட்டம் போட இதைவிட வசதி உண்டா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய நாள் உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிட்னியில் காயம் வரும் வரை ஆடியவரை நான் மதிக்கிறேன். ஓவலில் கணக்குப் பார்த்து உட்கார்ந்தவரை அதே அளவுக்கு மதிக்க மாட்டேன்.

ஓசூர் மிட்-ஆன்:

சொல்லாமல் இருந்தால் "ஏன் மறைக்கிறார்கள்" என்று இதே இடத்தில் நீங்களே ஒரு பதிவு போட்டிருப்பீர்கள் அண்ணா. மூன்று என்று சொன்னதோடு நிற்கவில்லை, கேப்டன் பதவியே வேண்டாம் என்று அவராகத்தான் சொன்னார். எல்லா ஆட்டத்திலும் இருக்க முடியாதவன் தலைமை தாங்குவது அணிக்கு நியாயம் இல்லை என்பது அவர் கணக்கு. பெர்த்தில் அவர் கேப்டனாக இருந்து 295 ரன்னில் ஜெயித்தது நினைவிருக்கிறதா? இந்திய கேப்டன் நாற்காலியை வேண்டாம் என்பது அவ்வளவு சுலபமா?

தொப்பூர் கணவாய்:

அந்தப் பாயின்ட் சரி. அது எனக்குப் பிடித்தது.

பென்னாகரம் பவுன்சர்:

நீங்கள் எத்தனை சொன்னாலும், டெஸ்டில் இருநூறு விக்கெட் எடுத்தபோது சராசரி இருபதுக்குக் கீழே இருந்த ஒரே ஆள் என்று பெருமை பேசுகிறார்கள். களைத்த நாளில் ஆடாமல் இருந்தால் சராசரி ஏன் ஏறப்போகிறது?

காவேரிப்பட்டணம் ஸ்லிப்:

அந்த 200-வது விக்கெட் எங்கே வந்தது என்று பார்த்தீர்களா பவுன்சர்? மெல்போர்ன், 2024 டிசம்பர். ஐந்தும் ஆடிய தொடரில் நான்காவது டெஸ்ட். டி20 உலகக் கோப்பையில் ஓவருக்கு 4.17 ரன் கொடுத்துத் தொடர் நாயகன் ஆனதும் அதே வருடம்தான். வேறு வாதம் இருந்தால் கொண்டு வாருங்கள்.

பென்னாகரம் பவுன்சர்:

சரி, கொல்கத்தா, 2025 நவம்பர். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 ரன்னுக்கு ஐந்து விக்கெட், ஆனாலும் தோற்றோம். நட்சத்திரம் ஆடினால் ஜெயிப்போம் என்பதே பொய் என்று ஆகிறதே?

அதியமான்கோட்டை எக்ஸ்பிரஸ்:

பவுன்சர், என் பக்கம் பேசுகிறேன் என்று என் வாதத்தையே கெடுக்காதே. கொல்கத்தாவில் ஆடினார், எடுத்தார், பேட்டிங் கவிழ்ந்தது. அதற்கு அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் வழக்கு ஓவலோடு மட்டும்தான்.

பி.டி. வாத்தியார் (போச்சம்பள்ளிப் பக்கம்):

வழக்கு நடக்கட்டும். எக்ஸ்பிரஸ் தம்பி, உங்கள் டீமில் பள்ளிப் பையன்களுக்கு இரண்டு மேட்ச் என்றீர்களே, அதை அடுத்த டோர்னமென்ட் நோட்டீஸில் விதியாகவே அச்சடிக்க முடியுமா? நான் இரண்டு டீம் கூட்டி வருகிறேன், நுழைவுக் கட்டணம் முழுசாகக் கட்டுகிறேன்.

அதியமான்கோட்டை எக்ஸ்பிரஸ்:

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் சார். மற்ற டீம்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இப்போதே தெரிகிறது.